இரவு வாசிப்புக்கு எடை குறைந்த டேப்லெட்: கைவசம் இருப்பவை பெரும்பாலும் ஒளிவருடிய பிடிஎஃப்

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மின்னூல் படிப்பதற்கென்றே எடை குறைந்த டேப்லெட் ஒன்றை வாங்க விரும்புகிறேன். இப்போது என்னிடம் இருப்பது பத்து அங்குலத் திரை கொண்டது. உறையோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது முக்கால் கிலோவுக்குச் சற்றே குறைவாகக் காட்டியது. கட்டிலில் சாய்ந்துகொண்டு அதைத் தூக்கிப் பிடித்தால் சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

என் சேகரிப்பில் பாதிக்கு மேற்பட்டவை பழைய நூல்களை ஒளிவருடிய, அதாவது ஸ்கேன் செய்த, பிடிஎஃப் கோப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இணைய ஆவணகம் (Internet Archive), இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டும் ‘நூலகம்’ தளம் ஆகியவற்றிலிருந்து இறக்கி வைத்தவை. மீதமுள்ளவை கிண்டிலில் வாங்கிய நாவல்களும் ஈபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவிலுள்ள சில கோப்புகளும். திரைப்படம், விளையாட்டு, காணொளி அழைப்பு எதற்கும் இந்தக் கருவி வேண்டியதில்லை. பெரும்பாலும் இரவில்தான் படிக்கிறேன். இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது; தக்க காரணம் இருந்தால் சற்றுக் கூடுதலாகச் செலவிடவும் தயங்கமாட்டேன். என்ன வாங்கலாம்?

சாளரம் எழுதியது:

கிண்டில் பேப்பர்வைட்டை வாங்கிவிடுங்கள். 2024இல் வெளிவந்த பதிப்பு 7 அங்குலத் திரையும் 211 கிராம் எடையும் கொண்டது. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வரும். படிப்பதற்கு மட்டும் என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு டேப்லெட்டைப் பற்றி யோசிக்கத் தேவையே இல்லை.

ஏட்டுப்புழு எழுதியது:

நண்பர் சாளரம் சொல்வது நாவல் மட்டும் படிப்பவருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அம்மாவின் பதிவில் நாம் முதலில் கவனிக்க வேண்டிய சொல் எடையன்று, ஒளிவருடிய பிடிஎஃப் என்பதுதான். கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கோப்புகளைத் தேர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈபப் கோப்பிலும் கிண்டில் நூலிலும் எழுத்து, நீரைப் போலத் திரையின் அளவுக்கு ஏற்ப ஓடி அமைந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்வதால், ஆறு அங்குலத் திரையும் அதற்குப் போதுமானது. 2022இல் வந்த சாதாரணக் கிண்டில் வெறும் 158 கிராம்தான். மணிக்கட்டு வலிக்கு அதைவிட உகந்த கருவி அரிது. ஒளிவருடிய பிடிஎஃப் அப்படியன்று. அது பக்கத்தின் புகைப்படம். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் பக்கத்தையே பெரிதாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டிருக்க நேரிடும். இரண்டு பக்கங்களுக்கு மேல் அப்படிப் படிக்கப் பொறுமை தாங்காது.

கணக்கை எளிதாகப் போடலாம். 6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு; அத்தகைய திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ.; ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆகவே ஏ4 அளவில் உருவாக்கிய கோப்பில் 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து அந்தத் திரையில் ஏறத்தாழ 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்தே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அம்மா, உங்கள் பிடிஎஃப் கோப்புகளின் மூலநூல்கள் பெரும்பாலும் எந்த அளவில் அச்சானவை என்று சொல்ல முடியுமா?

பொருநைக்கரை எழுதியது:

நன்றி. பெரும்பாலானவை சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் போன்ற பழைய பதிப்பகங்களின் இலக்கண இலக்கிய உரைநூல்கள். சாதாரணமாகக் கையில் பிடித்துப் படிக்கும் அளவுதான். ஏ4 அளவில் மிகச் சிலவே உண்டு. இதழ்களின் தொகுப்புகளும் கொஞ்சம் உள்ளன.

அச்சகத்தார் எழுதியது:

அச்சுத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதில் ஓரிரு செய்திகளைச் சேர்க்கிறேன். தமிழ் நூல்களில் பெரும்பான்மை டெம்மி, கிரவுன் என்னும் இரண்டு அளவுகளுக்குள் அடங்கிவிடும். டெம்மியில் ஒரு பக்கம் ஏறத்தாழ 14க்கு 21.5 செ.மீ.; கிரவுனில் ஏறத்தாழ 12க்கு 18 செ.மீ. ஆனால் படிப்பவருக்கு வேண்டியது தாள் அன்று, அதில் எழுத்து நிற்கும் பகுதி. நான்கு பக்கமும் விடப்பட்ட ஓரங்களைக் கழித்தால், டெம்மிப் பக்கத்தில் எழுத்துப் பகுதி சுமார் 10க்கு 17 செ.மீ. தான் இருக்கும். கிரவுன் அதைவிடவும் சிறிது.

இப்போது திரைகளை அளந்து பாருங்கள். 8.3 அங்குல ஐபேட் மினியின் திரை ஏறத்தாழ 11.6க்கு 17.6 செ.மீ. சாம்சங் டேப் ஏ9இன் 8.7 அங்குலத் திரை ஏறத்தாழ 11.3க்கு 19 செ.மீ. அதாவது, ஓரத்தை வெட்டிவிட்டால் டெம்மிப் பக்கத்தின் எழுத்துப் பகுதி, அச்சில் இருந்த அதே அளவில், எட்டு அங்குலத் திரைக்குள் முழுதாக உட்கார்ந்துவிடும். கிரவுன் நூலென்றால் ஓரத்தோடு சேர்த்தே ஏறத்தாழ முழுமையாக அமையும். 7 அங்குலக் கிண்டிலின் திரை ஏறத்தாழ 10.7க்கு 14.2 செ.மீ.; அகலம் போதும், உயரம் போதாது. பக்கத்தைச் சற்றுச் சுருக்கவோ, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பாகமாக நகர்த்திப் படிக்கவோ வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நூல்களில் மிகச் சிறிய எழுத்துள்ள ஒரு பக்கத்தை எடுத்து, நீங்கள் கருதும் திரையின் அகலத்துக்குச் சுருக்கித் தாளில் அச்சிடுங்கள். அதை அட்டையில் ஒட்டி, இரவில் நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தொலைவில் பிடித்துப் பாருங்கள். அடிக்குறிப்பு தெரிகிறதா இல்லையா என்பது அங்கேயே தெளிவாகிவிடும். உரைநூல்களில் அடிக்குறிப்புதான் முதலில் கைவிட்டுப் போகும்.

வடமராட்சியான் எழுதியது:

ரீச்சர் அவர்களுக்கு வணக்கம். நூலகம் தளத்தின் கோப்புகளை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்பதால் எழுதுகிறேன். அதில் உள்ள பழைய இதழ்களும் மலர்களும் நாவல் அளவில் வந்தவை அல்ல. இரண்டு மூன்று பத்திகளாக அமைந்த பெரிய பக்கங்களே மிகுதி. அவற்றுக்கு எட்டு அங்குலம் போதாது. நான் பயன்படுத்துவது, கிண்டிலைப் போலத் தாளை ஒத்த திரை கொண்ட 10.3 அங்குல இ-இங்க் கருவி. அதன் திரை ஏறத்தாழ 15.7க்கு 20.9 செ.மீ. என்பதால் டெம்மிப் பக்கம் ஏறத்தாழ முழு அளவிலேயே தெரியும். பின்னொளி கொண்ட பத்து அங்குல டேப்லெட்டைவிட இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் இலேசானவை. ஆனாலும், 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைபே 433 கிராம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலையும் உங்கள் வரம்பை வெகுவாகத் தாண்டிவிடும். இதழ்கள் உங்களிடம் கொஞ்சமே இருந்தால், அவற்றைப் பகலில் மேசையில் வைத்துப் பழைய டேப்லெட்டிலேயே படிப்பது தான் சிக்கனம்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

இரவில் படிப்பவருக்கு இ-இங்க் திரையை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்கிறேன். டேப்லெட்டின் நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்று எங்கும் எழுதுகிறார்களே. அதைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லையே?

ஏட்டுப்புழு எழுதியது:

அதில் இரண்டு செய்திகள் கலந்துவிட்டன. பிரித்துப் பார்ப்பது நல்லது. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணுக்குக் கேடு விளைவிக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் கூறுகிறது. நெடுநேரம் திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறண்டுபோவதே அயர்ச்சிக்கு முதன்மையான காரணம்; அது எந்தத் திரையிலும் நேரும். உறக்கம் வேறு செய்தி. படுக்கைக்கு முன் ஒளி உமிழும் கருவியில் படித்தவர்களுக்கு, அச்சு நூலைப் படித்தவர்களைக் காட்டிலும் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறைந்து உறக்கம் தாமதமாகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014 இறுதியில் வெளிவந்தது. அந்த ஆய்வில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இ-இங்க் திரையின் மெய்யான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற வெள்ளை, கருப்புத் துகள்கள் நுண்ணிய குமிழ்களுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. அப்படியே நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. அறையின் வெளிச்சத்தையே அது திருப்பி அனுப்புகிறது. இருட்டில் படிக்க உதவும் விளக்கும் திரையின் முன்புறத்தில் பரவுவதுதான். பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருவதன்று. பகல் வெயிலில் திண்ணையில் அமர்ந்து படிப்பவருக்கு இதற்கு நிகரானது கிடையாது. இரவில் மங்கிய அறையில் படிக்கும்போது அந்த வேற்றுமை பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல், திரையின் ஒளியை வழக்கமான கீழெல்லைக்கும் கீழே இறக்கும் வசதி உண்டு. அதையும் மஞ்சள் ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் எனக்கு இரவு வாசிப்பில் குறையொன்றும் தெரியவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: இரவில் கருப்புப் பின்னணி வேண்டும் என்று வண்ணங்களைத் தலைகீழாக்கினால், பழுப்பேறிய தாளை ஒளிவருடிய கோப்புகள் நீலம் பாய்ந்து அழகற்றுத் தெரியும். அவற்றை முதலில் கருப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்வது நலம்.

கணித்தமிழன் எழுதியது:

பிடிஎஃப்பை எழுத்தாக மாற்றி ஈபப் ஆக்கிவிட்டால் சின்னக் கிண்டிலே போதுமே என்று யாரேனும் சொல்வதற்குள் அதைப் பற்றி எழுதிவிடுகிறேன், ஏனெனில் ஆங்கிலத்தில் எளிதாக முடிவது தமிழில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. தட்டச்சுசெய்து உருவாக்கிய பிடிஎஃப்பிலும் உள்ளே இருக்கும் எழுத்து நம்பத்தக்கதன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்தவற்றைப் படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். ஒருங்குறியில் (யூனிகோடில்) அமைந்தவற்றிலும், எழுத்து வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருப்பதால், 'கொ' என்பதன் கொம்பு முன்னால் தனியாகவும் கால் பின்னால் தனியாகவும் பிரிந்து விழுவதுண்டு. நூல் முழுவதும் இப்படிச் சிதறினால் திருத்தி மாளாது.

ஒளிவருடிய பக்கங்களுக்கு, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (OCR) உண்டு. கூகுளின் எழுத்துணரியும் டெசராக்டும் தமிழை அறியும். விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் அப்படித்தான் பெற்றுப் பின்பு வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்கிறார்கள். மெய்ப்புப் பார்க்காத வெளியீட்டில் உரைநூல் படிப்பது ஆபத்து. மூலச் செய்யுளில் ஒரு புள்ளி போனாலும் பொருள் போய்விடும். ஆகவே உங்கள் இலக்கண நூல்களைப் படமாகவே படிப்பதுதான் பாதுகாப்பு.

படமாகவே வைத்துக்கொண்டு படிப்பை எளிதாக்கக் கேஓரீடர் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். ஓரங்களைத் தானே கண்டறிந்து வெட்டும். மங்கிய அச்சைக் கருமையாக்கும். படத்திலுள்ள சொற்களை வெட்டி மடித்து அடுக்கிப் பெரிதாக்கியும் காட்டும். கடைசியில் சொன்னது உரைநடைக்கு ஓரளவு ஒத்துவரும். செய்யுளின் சீர்களையும் அடிகளையும் குலைத்துவிடும். ஆண்ட்ராய்டில், கட்டற்ற செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டு வழியாக நிறுவலாம். கிண்டிலைப் போன்ற மற்றொரு மின்னூல் கருவியான கோபோவிலும் இயங்கும். கிண்டிலில் நிறுவ அதன் பூட்டை உடைக்க வேண்டும் என்பதால், அந்த வழியை உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஐபேடில் இது கிடைக்காது. ஒரே படத்தில் இரண்டு பக்கங்கள் சேர்ந்து வந்த கோப்புகளைக் கணினியில் ஸ்கேன்டெய்லர் என்னும் மென்பொருள் கொண்டு முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

சாளரம் எழுதியது:

ஏற்கிறேன். இருந்தாலும் கிண்டிலுக்கே பிடிஎஃப்பை அனுப்பலாமே? அதற்கென்று அமேசானின் சேவை இருக்கிறது.

கணித்தமிழன் எழுதியது:

அனுப்பலாம், நண்பரே. ஆனால் இணையதளம் வழியாக அனுப்பினால் ஒரு கோப்புக்கு 200 எம்பி, மின்னஞ்சலில் 50 எம்பி என்று எல்லை உண்டு. வண்ணத்தில் ஒளிவருடிய தடித்த நூல்கள் இதைத் தாண்டிவிடும். வடம் வழியாக ஏற்றினால் எல்லை இல்லை. பெரிய படக் கோப்புகளில் பக்கம் புரட்டும்போது இவ்வகைக் கருவிகள் தயங்கித் தயங்கி நகரும் என்பதுதான் பெரிய இடைஞ்சல். உரையாசிரியரின் மேற்கோளைத் தேடி முன்னும் பின்னும் புரட்டுபவருக்கு அது எரிச்சலூட்டும்.

இன்னொன்று: அம்மா கிண்டிலில் வாங்கிய நாவல்கள் பெரும்பாலும் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுடன் வருபவை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வடம் வழியே ஏற்றும் வசதியையும் அமேசான் நீக்கிவிட்டது. ஆகவே கோபோ வாங்கினால் அந்த நாவல்கள் அதில் திறக்காது. ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் கிண்டில் செயலி உண்டு என்பதால் சிக்கலில்லை. ஆண்ட்ராய்டில் இயங்கும் பூக்ஸ் போன்ற இ-இங்க் கருவிகளிலும் அந்தச் செயலியை நிறுவலாம். ஆனால் அவை கிண்டிலைப் போலப் பரவலாகக் கடைகளில் கிடைப்பவை அல்ல.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் ஐயா சொன்னபடியே பக்கங்களைச் சுருக்கி அச்சிட்டுப் பார்த்தேன். 6 அங்குலத் திரையின் அகலத்தில் அடிக்குறிப்பு சுத்தமாகத் தெரியவில்லை. 7 அங்குலத்தில் மூலமும் உரையும் தெரிகின்றன. அடிக்குறிப்புக்குக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. எட்டு அங்குல அளவு எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கிறது. இனி டேப் ஏ9, ஐபேட் மினி ஆகிய இரண்டில் எது என்பதே கேள்வி. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உள்ளதே; படிப்பதற்கு மட்டும் அந்த வேறுபாடு பொருளுடையதா?

அச்சகத்தார் எழுதியது:

ஒரே ஒரு வகையில் பொருளுடையது: எழுத்தின் கூர்மை. ஐபேட் மினியின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 326 படப்புள்ளிகள் (பிக்சல்கள்); டேப் ஏ9இல் ஏறத்தாழ 179தான். தமிழ் எழுத்தில் நுண்ணிய சுழிகள் மிகுதி. ணகர னகரச் சுழிகளின் எண்ணிக்கை, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, இகர ஈகார விசிறிகளின் வேற்றுமை ஆகியவை எழுத்து சிறிதாகும்போது முதலில் கலங்கும். அச்சு அளவிலேயே பக்கம் அமையும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்த அளவில் 179 படப்புள்ளிகள் உரைக்குப் போதும். அடிக்குறிப்பில் மெலிதாகக் கலங்கல் தெரியும். மூலப் பிடிஎஃப்பே மங்கலாக ஒளிவருடப்பட்டிருந்தால் எவ்வளவு கூர்மையான திரையும் அதைத் தெளிவாக்கப் போவதில்லை என்பதையும் கருதுங்கள்.

எடையில் ஐபேட் மினி 293 கிராம், டேப் ஏ9 332 கிராம். நாற்பது கிராமுக்காக மட்டும் 2024இல் 49,900 ரூபாய்க்கு வெளியான ஒன்றை வாங்குவது என் சிக்கன மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் கண் உங்களுடையது. கடைக்குச் செல்லும்போது, காட்சிக்கு வைத்திருக்கும் இரண்டிலும் இணைய உலாவி வழியாக ஒரே நூலின் ஒரே பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கடையின் பளீரென்ற வெளிச்சம் ஏமாற்றும். திரையின் ஒளியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

எடையைப் பற்றி ஒரு சொல். உறையைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டாம். தாங்குகாலுடன் மடியும் உறைகள் பல இருநூறு கிராம் வரை இருக்கின்றன. அதைப் போட்டால் எட்டு அங்குல டேப்லெட் வெற்றுப் பத்து அங்குல டேப்லெட்டின் எடையைத் தொட்டுவிடும். விளிம்பை மட்டும் காக்கும் மெல்லிய சிலிக்கோன் உறையே போதும். பின்புறத்தில் விரல் நுழைக்கும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டால், கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் நீங்கிவிடும். மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் அந்த இறுக்கமே காரணம்.

வடமராட்சியான் எழுதியது:

ரீச்சர், அதைவிட மேலானது கட்டில் சட்டத்தில் மாட்டும் வளைகழுத்துத் தாங்கி. அதில் கருவியை மாட்டிவிட்டுச் சிறிய புளூடூத் பொத்தான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால், பக்கம் புரட்டக் கையைத் தூக்கவே வேண்டாம். கேஓரீடரிலும் ரீட்எரா என்னும் வாசிப்புச் செயலியிலும் ஒலி கூட்டும் பொத்தானைப் பக்கம் புரட்டப் பணிக்கலாம். அத்தகைய புளூடூத் பொத்தான்கள் பெரும்பாலும் அதே குறிப்பைத்தான் அனுப்புகின்றன. கண் களைத்த பிறகு ஈபப் நாவலை ரீட்எராவே தமிழில் வாசித்துக் காட்டும். குரல் சற்று இயந்திரத்தனமானதுதான். உரையாடல் மிகுந்த நாவல்களில் யார் பேசுகிறார்கள் என்று குழப்பும்.

ஏட்டுப்புழு எழுதியது:

தாங்கி இருக்குமானால் எடை என்னும் கேள்வியே பாதி கரைந்துவிடுகிறது. அப்போது பழைய பத்து அங்குலத்தையே மாட்டிப் படிக்கலாமே என்றும் தோன்றும். எனினும் வளைகழுத்து நீளும்போது கனமான கருவி மெல்லத் தொங்கி ஆடும். தொடும்போதெல்லாம் எழுத்து அசைந்தால் படிக்க முடியாது. முந்நூறு கிராம் அளவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

பொருநைக்கரை எழுதியது:

கடையில் இரண்டையும் ஒளியைக் குறைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐபேட் மினியின் எழுத்து கூர்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓரங்களை வெட்டிப் பார்க்கும் வசதிக்காகக் கேஓரீடர் வேண்டும் என்பதாலும், அடிக்குறிப்பு தேவைப்படும் இடத்தில் மட்டும் பக்கத்தை விரலால் விரித்துக்கொள்ள எனக்குச் சங்கடமில்லை என்பதாலும், டேப் ஏ9ஐ வாங்கிவிட்டேன். மீதித் தொகையில் தாங்கியும் புளூடூத் பொத்தானும் வாங்கலாம். இதழ்த் தொகுப்புகள் பழைய டேப்லெட்டில், மேசைமேல்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. கேஓரீடரில் ஓரம் வெட்டும்போது சில நூல்களில் பக்க எண்ணும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. மேற்கோள் குறித்துக்கொள்ள அது எனக்கு வேண்டும். வழி உண்டா?

கணித்தமிழன் எழுதியது:

உண்டு, அம்மா. பக்க எண் உடலெழுத்திலிருந்து தள்ளி மங்கலாக நிற்கும்போது, தானியங்கி வெட்டு அதைக் கறை என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறது. வெட்டும் முறையைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, பக்க எண்ணையும் உள்ளடக்கும்படி ஒற்றைப் பக்கம் ஒன்றிலும் இரட்டைப் பக்கம் ஒன்றிலும் எல்லையை வரைந்துவிட்டால், மற்றப் பக்கங்களுக்கும் அதே எல்லை தொடரும். பக்கத்துக்குப் பக்கம் ஓரம் மாறி வரும் நூல்களில் எல்லையைச் சற்றுத் தாராளமாக வரையுங்கள்.